நண்பர்களோடு வியட்நாம்: வடக்கிலிருந்து தெற்குவரை தரைவழியே

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளான நான்கு நண்பர்கள் மூன்று வார விடுப்பில் முதுகுப்பையோடு வியட்நாமைச் சுற்றிவர விரும்புவதாகவும், ஒருவர் சைவ உணவு மட்டுமே உண்பவர் என்றும், மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது பற்றி உங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்றும் எழுதி, எந்த வழியில் செல்வது, எவ்வளவு செலவாகும், எதை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் பதினான்கு ஊர்கள் இருக்கின்றன. அதைப் பாதியாகக் குறையுங்கள் என்பதுதான் என் முதல் பதில். அந்த ஊர்களில் எதுவும் பார்க்கத் தகாதது என்பதால் இதைச் சொல்லவில்லை. வியட்நாமின் நில அமைப்பு அப்படிப்பட்டது.

வடக்கே சிவப்பாற்றின் கழிமுகம், தெற்கே மேகோங் கழிமுகம், இரண்டையும் இணைக்கும் நீண்ட ஒடுங்கிய கடற்கரை என்று அந்நாடு அமைந்திருக்கிறது. தோளில் சுமக்கும் மூங்கில் கழியின் இரு முனைகளிலும் தொங்கும் நெற்கூடைகள் என்று அந்நாட்டு மக்களே தங்கள் நாட்டை வருணிப்பதுண்டு. வடக்கிலிருந்து தெற்குவரை சுமார் 1,650 கிலோமீட்டர் நீளும் அந்நாடு, நடுவில் டோங் ஹோய் நகரத்தை ஒட்டி சுமார் 50 கிலோமீட்டர் அகலமாகக் குறுகிவிடுகிறது. ஆகவே அங்கே வட்டமாகச் சுற்றிவரும் பயணத் திட்டம் எடுபடாது. ஒரு முனையில் நுழைந்து, தரைவழியே ஒரே திசையில் நகர்ந்து, மறுமுனையில் விமானம் ஏறுவதுதான் பொருந்தும். பட்டியலில் ஊர்கள் கூடக் கூட, இரவுப் பேருந்துகளும் உள்நாட்டு விமானங்களும் கூடும். மூன்று வாரத்தில் ஆறு நாட்கள் வண்டியிலேயே கழிந்த குழுக்களை நான் அறிவேன். நான்கு பேர் சேர்ந்து செல்லும்போது ஒவ்வோர் இடமாற்றமும் நான்கு பைகள், நான்கு பசிகள், நான்கு விதமான களைப்புகள் என்று பெருகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பருவத்தையும் இந்த நீளமே தீர்மானிக்கிறது. நாடு முழுவதும் ஒருசேர நல்ல வானிலை இருக்கும் காலம் மிகக் குறைவு. டிசம்பர், ஜனவரியில் வடக்கு மலைகளில் குளிர் எலும்பைத் துளைக்கும். பனிமூட்டத்தில் எதிரே உள்ள மலையே தெரியாது. அதே நாட்களில் தெற்கே, ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய சைகோனில் வெயில் காயும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நடுப்பகுதிக் கடற்கரையில் மழை கொட்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஹோய் ஆன் நகரின் பழைய தெருக்களில் படகு விடும் அளவுக்கு ஆற்றுநீர் ஏறுவது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தெற்கின் மழைக்காலம். மூன்று பகுதிகளுக்கும் ஓரளவு பொருந்திவருவது மார்ச், ஏப்ரல் மாதங்களே. பிப்ரவரி இறுதியில் புறப்படுவதானால், சந்திர நாட்காட்டியின்படி வரும் அவர்களுடைய புத்தாண்டான டெட் பண்டிகை எந்த நாளில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில் அது வரும். அந்த வாரத்தில் நாடே சொந்த ஊருக்குப் புறப்படுவதால் ரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைக்காது. பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும்.

வடக்கில் தொடங்கித் தெற்கில் முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். கடினமான மலைப் பகுதியை உடலில் தெம்பு இருக்கும் முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். குளிருக்கான ஆடைகளை ஹனோயிலேயே வாங்கி, மலையிலிருந்து இறங்கியதும் யாருக்காவது கொடுத்துவிட்டு இலகுவான பையோடு தெற்கே நகரலாம். கோலாலம்பூர் அல்லது பாங்காக் வழியாக ஹனோய் செல்ல நிறைய விமானங்கள் உண்டு. திரும்பும்போது சைகோனிலிருந்து இதே நகரங்கள் வழியாக வரலாம். 2023இல் திருச்சிக்கும் கொச்சிக்கும் நேரடி விமானச் சேவையும் தொடங்கப்பட்டதால், உங்கள் தேதிகளுக்கு அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்த கட்டண விமானங்களில் கையோடு கொண்டுசெல்லும் சுமைக்குப் பொதுவாக 7 கிலோவே வரம்பு. 40 லிட்டர் முதுகுப்பை ஒன்றை அந்த வரம்புக்குள் கட்டப் பழகிக்கொண்டால் பணமும் மிச்சம், ஒவ்வோர் ஊரிலும் தோளும் மிச்சம்.

விசா இந்தியர்களுக்குக் கட்டாயம். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாட்கள் வரை தங்க அனுமதிக்கும் மின்விசா வழங்கப்படுகிறது. ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர், பலமுறை நுழைவதற்கு 50 டாலர். அரசு தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் பல இருப்பதால், முகவரி ‘கவ் டாட் விஎன்’ என்று முடிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழர்களான நமக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அல்லது தந்தையின் பெயர் அங்கே ஏறியிருக்கும். விண்ணப்பத்தில் பெயரை நம் வழக்கப்படி எழுதாமல், கடவுச்சீட்டின் முதற்பக்க அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்டுள்ள இரண்டு வரிகளில் எந்த வரிசையில் உள்ளதோ அப்படியே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலைய முகப்பிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும் என்பதால், ஹனோயில் நுழைந்து சைகோனில் வெளியேறும் முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

இனி மோட்டார் சைக்கிள் விவகாரம். உங்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருப்பது ஹா ஜியாங் மலைச் சுற்றைப் பற்றித்தான் என்று ஊகிக்கிறேன். சீன எல்லையை ஒட்டிய அந்தச் சுண்ணாம்புக்கல் பீடபூமி, 2010இல் யுனெஸ்கோவின் உலகப் புவியியல் பூங்காக்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. டோங் வான் ஊரிலிருந்து மியோ வாக் செல்லும் வழியிலுள்ள மா பி லெங் கணவாயில் நின்று பார்த்தால், பல நூறு மீட்டர் ஆழத்தில் நோ குவே ஆறு பச்சை நாடாவாக ஓடுகிறது. அந்தச் சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மகிழ்ச்சிச் சாலை’. 1959 முதல் 1965 வரை பல்வேறு மலையினங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே அதை வெட்டினார்கள். மா பி லெங் பாறைமுகத்தில் மட்டும் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடி பதினொரு மாதங்கள் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். அந்த வளைவுகளில் செல்லும்போது யார் உழைப்பின் மீது செல்கிறோம் என்று தெரிந்து செல்வது நல்லது.

அந்தச் சாலையை நீங்களே ஓட்டக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. இந்தியாவில் தரப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படியான அனுமதியை. ஆகவே நம் அனுமதிச் சீட்டு கையில் இருந்தாலும் சட்டப்படி நீங்கள் உரிமம் இல்லாத ஓட்டுநரே. வாடகைக்கு விடுபவர் இதைப் பற்றிக் கேட்க மாட்டார். வழியில் காவலர் கேட்பார். அபராதம் கூடப் பெரிதல்ல. விபத்து நேர்ந்தால், செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டியதைக் காட்டிப் பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவை மறுத்துவிடும். மலையிலிருந்து ஹனோய் மருத்துவமனைக்கு 300 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். இதோடு, 2020 முதல் அந்நாட்டில் ஓட்டுநரின் இரத்தத்திலோ மூச்சிலோ மது சிறிதளவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். மலை வீடுகளில் இரவு உணவின்போது மக்காச்சோளத்தில் காய்ச்சிய மதுவை அன்போடு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மறுநாள் காலை வரை அதன் தடயம் உடலில் இருக்கும்.

ஆனால் போகாமல் இருக்க வேண்டியதில்லை. உள்ளூர் ஓட்டுநர் ஓட்ட நீங்கள் பின்னால் அமர்ந்து செல்லும் ‘ஈஸி ரைடர்’ ஏற்பாடு அங்கே பரவலாக உண்டு. வண்டியில் ஏறவே தயங்குபவருக்கு ஜீப்பும் கிடைக்கும். இருவர் பைக்கின் பின்னிருக்கையிலும் இருவர் ஜீப்பிலுமாக ஒரே பாதையில் சென்று, இரவில் ஒரே வீட்டில் தங்கலாம். உங்கள் வாக்குவாதத்துக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தோன்றவில்லை. பின்னால் அமர்ந்தவருக்குத்தான் பள்ளத்தாக்கைப் பார்க்க நேரம் கிடைக்கும் என்பதும் உண்மை. சுற்றுக்கு மூன்று இரவுகள் ஒதுக்குங்கள். இரண்டு இரவில் முடிப்பவர்கள் நாள் முழுவதும் வண்டியிலேயே இருக்கிறார்கள். மியோ வாக் அல்லது டோங் வான் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கும்படி நாட்களை அமையுங்கள். மலைகளிலிருந்து மொங் இன மக்கள் கன்றுகாலிகளோடும் சணல்நார்த் துணிகளோடும் கூடும் வாரச்சந்தை அன்றுதான். அவர்களைப் படமெடுக்குமுன் கண்ணால் கேட்டு, தலையசைத்த பிறகு எடுங்கள்.

ஹனோயிலிருந்து ஹா ஜியாங் செல்ல இரவுப் படுக்கைப் பேருந்தே வழக்கமான வழி. ஏறும்போதே காலணியைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் தருவார்கள். அதில் காலணியைப் போட்டு உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும். மேலும் கீழுமாக மூன்று வரிசைப் படுக்கைகள், கால்களை முன் படுக்கையின் அடியிலுள்ள பெட்டிக்குள் நீட்டும்படி செய்யப்பட்டவை. ஐந்தே முக்கால் அடிக்கு மேல் உயரமுள்ளவர் முழுதாக நீட்டிப் படுக்க முடியாது. உங்களில் உயரமானவர் இருந்தால், திரைச்சீலையோடு தனித்தனி அறைபோல அமைந்த பேருந்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவல்ல. பெரும்பாலும் விடியும் முன்பே இறக்கிவிடுவார்கள். தங்கும் விடுதியில் முன்பே சொல்லிவைத்தால் காலைவரை ஒரு கட்டிலாவது தருவார்கள்.

மலையிலிருந்து இறங்கியபின் ரயிலைப் பயன்படுத்துங்கள். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் நீளும் மீட்டர் பாதை இது. பிரெஞ்சு ஆட்சியில் 1936இல் முழுமையடைந்து, போரில் துண்டுதுண்டாக உடைந்து, நாடு ஒன்றானபின் 1976ஆம் ஆண்டின் கடைசி நாளில் மீண்டும் ஒன்றாக இணைந்தது. முழுத் தொலைவையும் ஒரே மூச்சில் கடக்க 30 மணி நேரத்துக்கு மேலாகும். யாரும் அப்படிச் செல்லத் தேவையில்லை. ‘மென்படுக்கை’ வகுப்பில் ஓர் அறைக்கு நான்கு படுக்கைகள், ‘வன்படுக்கை’ வகுப்பில் ஆறு. நீங்கள் நால்வர் என்பதால் மென்படுக்கை அறை முழுவதும் உங்களுடையதாகிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு பைகளைப் பற்றிக் கவலையின்றித் தூங்கலாம். இதற்கு இரண்டு வாரம் முன்பே பயணச்சீட்டு எடுத்துவிடுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒரே அறை அமையாது.

முதல் நிறுத்தம் நின் பின், ஹனோயிலிருந்து 115 கிலோமீட்டர் ரயில்வழி. வயல்களுக்கு நடுவே சுண்ணாம்புக் குன்றுகள் நிமிர்ந்து நிற்கும் நிலம் அது. டிராங் ஆன் பகுதி 2014இல் உலக மரபுச் சின்னமானது. நால்வரும் ஒரே படகில் அமரலாம். டாம் கோக் பக்கம் சென்றால் படகோட்டும் பெண்கள் சாய்ந்து அமர்ந்து இரண்டு கால்களாலும் துடுப்பு வலிப்பதைப் பார்ப்பீர்கள். குகையின் கூரை தலைக்கு ஒரு சாண் மேலே வரும்போது குனியச் சொல்வார்கள், சொன்னவுடன் குனியுங்கள். இங்கே இரண்டு நாட்கள் போதும். இதைப் பார்த்துவிட்டால் ஹா லாங் விரிகுடாவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அது அழகற்றது என்பதல்ல. நெரிசலும் செலவும் அதிகம். கடல்மேல் அதே நிலத்தோற்றத்தைக் கட்டாயம் காண வேண்டும் என்றால் காட் பா தீவு வழியாக லான் ஹா விரிகுடாவுக்குச் செல்லுங்கள். எதற்குச் சென்றாலும் கோடைப் புயல் எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். 2025 ஜூலையில் ஹா லாங்கில் திடீர்ப் புயலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நின் பின்னிலிருந்து டோங் ஹோய்க்கு இரவு ரயில், அங்கிருந்து 45 கிலோமீட்டரில் ஃபோங் நா குகைகள். உலகின் மிகப் பெரிய குகையாகக் கருதப்படும் சோன் டோங் இங்கேதான் இருக்கிறது. உள்ளூர்வாசி ஒருவர் வழிகாட்ட, பிரிட்டிஷ் குகை ஆய்வாளர்கள் 2009இல் அதை அளந்தார்கள். அதற்குள் செல்ல ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 டாலர் ஆகும் என்பதால் உங்கள் திட்டத்துக்கு அது பொருந்தாது. ‘சொர்க்கக் குகை’ எனப்படும் தியென் டுவாங் குகையில் மரப்பாலம் போட்ட முதல் ஒரு கிலோமீட்டரே பிரமிப்பூட்டப் போதுமானது. இந்தப் பகுதியிலும் தெற்கே குவாங் டிரி பகுதியிலும் போடப்பட்ட பாதையை விட்டு விலகி நடக்காதீர்கள். போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆனபின்னும் வெடிக்காத குண்டுகள் அந்த மண்ணிலிருந்து இன்றும் எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

ஹுவேயிலிருந்து டா நாங் செல்லும் 103 கிலோமீட்டரைக் கட்டாயம் பகல் ரயிலில் செல்லுங்கள். தெற்கு நோக்கிச் செல்கையில் இடப்பக்கச் சன்னலோர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். லாங் கோ காயலைத் தாண்டியதும் ரயில் ஹாய் வான் மலையின் கடல்முகத்தில் ஏறும். வேகம் குறைந்து, வளைவுகளில் முன்பெட்டிகளும் பின்பெட்டிகளும் ஒருசேரக் கண்ணில் படும். கீழே காட்டுக்கும் பாறைக்கும் நடுவே ஆளில்லாக் கடற்கரைத் துண்டுகள் தோன்றி மறையும். மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவான இந்தப் பயணத்தை நான் எந்தச் சுற்றுலா ஏற்பாட்டுக்கும் ஈடாகக் கொடுக்க மாட்டேன். ஹுவே நகரமே 1802 முதல் 1945 வரை ஆண்ட இங்குயென் மன்னர்களின் தலைநகரம். 1968இல் டெட் பண்டிகையின்போது நடந்த போர்த் தாக்குதலில் கோட்டைக்குள்ளிருந்த அரண்மனைகளில் பெரும்பகுதி இடிந்தது. வெறும் புல்வெளியாகக் கிடக்கும் இடங்கள்தான் அங்கே அதிகம் சொல்கின்றன.

டா நாங்குக்கு அருகிலுள்ள ஹோய் ஆனில் தங்கும் நாட்களில் ஒரு காலையை மி சன் கோயில்களுக்கு ஒதுக்குங்கள். நம்மவர்கள் பலர் விளக்குத் தெருக்களிலும் தையல் கடைகளிலும் நேரத்தைக் கழித்துவிட்டு, 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இதைத் தவறவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. வியட்நாமின் நடுப்பகுதியில் முன்பு இருந்த சாம்பா நாட்டின் மன்னன் பத்ரவர்மன் நான்காம் நூற்றாண்டில் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவலிங்கம் நிறுவிய பள்ளத்தாக்கு இது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை மன்னர்கள் தொடர்ந்து இங்கே கோயில் எழுப்பினார்கள். செங்கற்களுக்கு இடையே சாந்து தெரியாது. விரல் நகம் நுழையாத அளவுக்கு ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். அடுக்கி முடித்த சுவரின் மீதே உளியால் தேவ உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கோயில்களிலேயே உயர்ந்த ஏ1 எனப்படும் கோபுரம் 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் இடிந்து, இன்று செங்கல் மேடாகக் கிடக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் சில ஆண்டுகள் இங்கே சீரமைப்புப் பணி செய்தது. 2020இல் அந்தப் பணியின்போது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. காலை எட்டு மணிக்குமுன் சென்றுவிட்டால் கூட்டமும் வெயிலும் வருமுன் பார்த்துத் திரும்பலாம். மறுநாள் டா நாங்கிலுள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தையும் பாருங்கள்; மி சன்னில் எடுக்கப்பட்ட சிற்பங்களில் சிறந்தவை அங்கேதான் இருக்கின்றன.

சைவ நண்பரின் உணவைப் பற்றிய கவலை நியாயமானதே, ஆனால் தீராததல்ல. அந்நாட்டில் பௌத்த மரபு சார்ந்த சைவ உணவகங்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. பெயர்ப்பலகையில் ‘சாய்’ என்ற சொல் இருக்கும். ‘ஆன் சாய்’ என்று சொன்னால் சைவம் உண்பவர் என்று புரிந்துகொள்வார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, அதாவது சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், ஏராளமானோர் சைவம் மட்டுமே உண்பதால் அன்று தெருக்கடைகளில் கூடச் சைவம் எளிதாகக் கிடைக்கும். ஹுவே இதில் தனிச்சிறப்பு வாய்ந்த ஊர். ஆனால் சாதாரணக் கடையில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் ஏமாற்றமே மிஞ்சும். மீனை உப்பிட்டு நொதிக்கவைத்து எடுக்கும் சாறான ‘நுவாக் மாம்’ உப்பின் இடத்தில் நிற்பது. கீரை வதக்கலிலும் அது இருக்கும். மேலே பன்றியோ மாடோ தெரியாத ஃபோ நூடுல்ஸின் சாறு பல மணி நேரம் மாட்டெலும்பில் கொதித்தது. எனவே ‘மீன் சாறும் எலும்புச் சாறும் சேர்க்காதது’ என்று வியட்நாம் மொழியில் எழுதிய ஒரு சீட்டை அவர் கையில் வைத்திருக்கட்டும். மலைச்சுற்றில் மட்டும் தேர்வு குறைவு. சோறு, டோஃபு, கீரை, முட்டை உண்பவரானால் முட்டை என்று ஓட வேண்டியிருக்கும். மாட்டிறைச்சி உண்ணாதவர் ‘போ’ என்ற சொல்லையும், பன்றி உண்ணாதவர் ‘ஹேயோ’, ‘லொன்’ என்ற சொற்களையும் உணவுப்பட்டியலில் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பலர் சேர்ந்து தூங்கும் அறையில் கட்டில், தெருக்கடை உணவு, ரயில், பேருந்து, நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து, விமானக் கட்டணமும் ஹா ஜியாங் சுற்றும் நீங்கலாக, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,500 முதல் 3,000 ரூபாய் வைத்துக்கொண்டால் நெருக்கடி இருக்காது. நால்வராக இருப்பதால் பல ஊர்களில் இரண்டு இருவர் அறைகளே நான்கு கட்டில்களின் விலைக்கு அருகில் வந்துவிடும். வாரத்தில் இரண்டு இரவாவது அப்படித் தங்குங்கள். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்ற அளவில் கணக்கிடலாம். 20,000 டாங் தாளும் 500,000 டாங் தாளும் இரண்டுமே நீல நிறம். இரவில், மங்கிய விளக்கில், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிடுவது எளிது. 500,000 தாள்களைத் தனி உறையில் வையுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே முடுக்கிவிட்டால்தான் அது அங்கே வேலை செய்யும். புறப்படும் முன் சரிபாருங்கள்.

நண்பர்கள் சேர்ந்து செல்லும் பயணங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் பெரிய விஷயங்களால் வருவதில்லை. யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை, யாருக்காக யார் காத்திருந்தது என்பவைதான் நாள்தோறும் சேர்கின்றன. ஒரு பொதுப் பையை ஏற்படுத்தி, வாரத்தின் முதல் நாளில் நால்வரும் சம தொகை போட்டு, தங்குமிடம், வண்டி, தண்ணீர், பொது உணவு ஆகியவற்றை அதிலிருந்தே கொடுங்கள். மது, தையல் துணி, கூடுதல் காபி போன்றவை அவரவர் கணக்கு. மது அருந்தாதவர் அருந்துபவரின் செலவைச் சுமக்கக் கூடாது. பையை வைத்திருப்பவரை வாரம்தோறும் மாற்றுங்கள். நால்வருக்கும் பிடித்தமானது என்று எல்லாவற்றையும் வாக்கெடுத்து முடிவு செய்ய முயலாதீர்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒருவர் பொறுப்பேற்று, அவர் சொன்னபடி மற்றவர்கள் நடக்கட்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊருக்கு ஒரு பொழுதாவது பிரிந்து திரியுங்கள். ஒருவருக்கு அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் வேண்டும். இன்னொருவருக்குத் தெருமுனைப் பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து, கண்ணாடிக் கோப்பையின் மேல் வைத்த ஃபின் வடிகட்டியிலிருந்து காபி சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் சரியே. இரவு எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூடுவது என்று மட்டும் பிரியும்போதே பேசிவிடுங்கள். நால்வரிடமும் உள்ளூர் இணைய இணைப்பு தனித்தனியாக இருக்கட்டும்.

டா நாங்கிலிருந்து சைகோனுக்கு 935 கிலோமீட்டர். ரயிலில் ஓர் இரவும் பகலின் ஒரு பகுதியும் ஆகும். களைத்திருந்தால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் விமானத்தில் கடப்பதில் தவறில்லை. சைகோனில் போர் எச்ச அருங்காட்சியகத்தைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். போரில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சுக் களைக்கொல்லி தலைமுறைகள் தாண்டிச் செய்ததைக் காட்டும் அறைகளைப் பார்த்தபின் உடனே விமான நிலையத்துக்கு ஓடுவது கடினம். பென் தான் சந்தைக்கு அருகே டிரூவோங் டின் தெருவில் நம்மவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் தமிழர்கள் அங்கே சென்று வாழ்ந்த காலத்தின் எச்சம் அது. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்ட பின்னும், வியட்நாமியரும் சீனரும் ஊதுபத்தியோடு வந்து, கருவறைச் சுவரில் நெற்றியைச் சாய்த்து வேண்டிக்கொள்வதை அங்கே எந்த நாளிலும் காணலாம். டோங் டு தெருவிலுள்ள, தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசலும் நடக்கும் தூரத்தில்தான். இந்நகரில் கைப்பேசியைச் சாலையோரம் நின்று நீட்டிப் பிடிக்காதீர்கள்; பைக்கில் வந்து பறித்துச் செல்வது வழக்கமான குற்றம்.

இந்தத் திட்டத்தில் நாட்கள் குறைந்தால் எதை விடுவது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மழையால் இரண்டு நாட்கள் போனால் ஃபோங் நாவை விட்டு நின் பின்னிலிருந்து நேராக ஹுவே செல்லுங்கள். யாருக்காவது உடல் சரியில்லாமல் போனால் அவரோடு ஒருவர் ஹோய் ஆனில் தங்க, மற்ற இருவர் முன்னே செல்லட்டும். டா நாங்கில் ரயில் ஏறிச் சைகோனில் சேர்ந்துகொள்வது எளிது. சா பா, ஃபூ குவோக் தீவு, மேகோங் கழிமுகம் மூன்றையும் இந்தமுறை பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹா ஜியாங்கை மட்டும் எக்காரணத்துக்காகவும் இரண்டு இரவாகச் சுருக்காதீர்கள். அதற்கு நேரமில்லை என்றால் முழுவதுமாக விட்டுவிட்டு, அந்த நாட்களை ஹுவேக்கும் மி சன்னுக்கும் கொடுங்கள்.